ஒளிக்கு விரோதமாய்ப் பொய்ச்சாட்சி



இந்த வாரத் தியானம் சற்றுக் கடினமான பொருளைப் பற்றியது. இயற்பியலின் ஒரு பகுதியை உங்களுக்கு விளக்கவும், அதன் பெயரால் விசுவாசிகளுக்குச் சொல்லப்படும் ஒரு போதனையை வெளிப்படையாக மறுக்கவும் எண்ணுகிறேன். மவுனமாயிருப்பது எளிது. ஆயினும் இந்தப் போதனை நம் இருதயத்தைத் தொடுவதோடு நிற்காமல், வீட்டு அலமாரியிலுள்ள மாத்திரைப் பெட்டி வரைக்கும் கை நீட்டுகிறது. ஆதலால் மவுனம் தகாது.

கைப்பேசிகளில் வலம்வரும் காணொளிகளிலும், சில மேடைகளிலும் ஒலிக்கும் வாதம் இதுதான். எலக்ட்ரானை யாரும் பாராதபோது அது அலையாயிருக்கிறதாம். பார்த்த மாத்திரத்தில் துகளாய் மாறிவிடுகிறதாம். இதைக் குவாண்டம் இயற்பியல் மெய்ப்பித்துவிட்டதாம். ஆகவே மனிதனுடைய பார்வைக்கும் எண்ணத்துக்கும் வாயின் வார்த்தைக்கும் பருப்பொருள் கீழ்ப்படியுமாம். சுகத்தைக் கண்டு, சுகமென்று அறிக்கையிட்டால் உடலின் அணுக்கள் அவ்வண்ணமே அமைந்துவிடுமாம். வியாதியை வியாதியென்று ஒப்புக்கொண்டால் அது நிலைபெற்றுவிடுமாம்.

கேட்பதற்கு இனிமையாயிருக்கிறது. விசுவாசத்துக்கு ஆய்வுக்கூடத்திலிருந்தே சான்றிதழ் கிடைத்துவிட்டதுபோல் தோன்றுகிறது. நான் சொல்லவருவதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பரிசோதனை அப்படி எதையும் மெய்ப்பிக்கவில்லை. அது காட்டுவது இதற்கு நேர் எதிரானது. அறிவியல் சொல்லாததைச் சொன்னதாகக் கூறுவது பொய்ச்சாட்சி. அதைத் தேவனுடைய நாமத்தினால் கூறுவது இரட்டிப்பான பொய்ச்சாட்சி.

நடந்தது என்ன?

முதலில் உண்மையை அறிந்துகொள்வோம். ஒளி நுண்ணிய துகள்களின் ஓட்டம் என்று நியூட்டன் கருதினார்; அது அலை என்றார் ஹைகன்ஸ். 1803இல் லண்டன் ராயல் சொசைட்டியில் தாமஸ் யங் என்ற மருத்துவர் ஓர் எளிய ஆய்வை விவரித்தார். சன்னலில் இட்ட சிறு துளையின் வழியே வந்த சூரியக் கதிரின் குறுக்கே, அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கே அகலமுள்ள அட்டைத் துண்டை அவர் நிறுத்தினார். அதன் நிழலுக்குள் வண்ணப் பட்டைகள் தோன்றின. அட்டையின் ஒரு பக்கத்து ஒளியை மட்டும் மறைத்தபோது பட்டைகள் மறைந்தன. குளத்தில் இரண்டு கற்களை அருகருகே எறிந்தால் எழும் அலைகள் ஓரிடத்தில் கூடி உயர்வதையும், வேறோரிடத்தில் ஒன்றையொன்று அழித்து அடங்குவதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். அட்டையின் இருபுறமும் வந்த ஒளியும் அவ்வாறே கூடியும் அழிந்தும் அந்தப் பட்டைகளை வரைந்தது. ஆகவே ஒளி அலை என்ற முடிவு மெல்ல மெல்ல நிலைபெற்றது.

1905இல் ஐன்ஸ்டைன் அந்த முடிவை அசைத்தார். உலோகத்தின்மேல் ஒளி படும்போது எலக்ட்ரான்கள் வெளியேறுவதை விளக்க, ஒளியின் ஆற்றல் சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது என்றார். 1923இல் ஆர்தர் காம்ப்டன், எக்ஸ் கதிர் எலக்ட்ரானின்மேல் மோதி, ஒரு கோலிக்குண்டு மற்றொன்றின்மேல் மோதுவதுபோல் ஆற்றலை இழந்து திசை திரும்புவதை அளந்து காட்டினார். அலை என்று எண்ணப்பட்டது துகளின் குணத்தையும் காட்டியது. 1924இல் பிரான்சின் லூயி தெ பிராய், அப்படியானால் துகள் என்று எண்ணப்படும் எலக்ட்ரானுக்கும் அலைப் பண்பு இருக்கவேண்டும் என்றார். 1927இல் நியூயார்க்கில் டேவிசன், ஜெர்மர் இருவரும், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜி. பி. தாம்சனும் அதை உறுதிசெய்தார்கள். எலக்ட்ரானைத் துகளென்று கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன் 1906இல் நோபல் பரிசு பெற்றார். அதன் அலைப் பண்பைக் காட்டியதற்காக அவருடைய மகன் 1937இல் அதே பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1989இல் ஜப்பானில் அகிரா டோனோமுராவும் அவருடைய குழுவினரும் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகச் செலுத்தி, அவை திரையில் பதிவதைப் படம்பிடித்தார்கள். ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரே ஒரு புள்ளியாகவே விழுந்தது. பாதி எலக்ட்ரான் என்று ஒன்று எங்கும் விழவில்லை. தொடக்கத்தில் புள்ளிகள் மனம்போன போக்கில் சிதறிக் கிடந்தன. பல்லாயிரம் புள்ளிகள் சேர்ந்தபோது, யங் கண்டது போன்ற பட்டைகள் துலங்கின. இப்படிப்பட்ட ஆய்வுகளில் எலக்ட்ரான் எந்த வழியாகச் சென்றது என்பதைக் காட்டும் கருவியை வைத்தால் பட்டைகள் மறைந்துவிடும். இவ்வளவே ஆய்வின் செய்தி. இது வியப்புக்குரியது; நம் கற்பனையை விஞ்சுவது. இதற்குமேல் மேடையில் சேர்க்கப்படுவதெல்லாம் மனிதர் சேர்த்தவை.

'பார்த்தல்' என்னும் சொல்

அந்தப் போதனையின் பிழை 'பார்த்தல்' என்ற ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. நம் வழக்கில் பார்ப்பவருக்குக் கண்ணும் மனமும் உண்டு. இயற்பியலில் அச்சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை. எலக்ட்ரான் எந்த வழியே சென்றது என்ற தடயம் சுற்றுப்புறத்தில் எங்கேனும் பதிந்துவிட்டால் அதுவே 'பார்த்தல்' ஆகிவிடும். அந்தத் தடயத்தை ஒரு மனிதர் வாசிக்கவேண்டும் என்ற அவசியமில்லை.

இதற்கு ஒரு சான்று தருகிறேன். 2004இல் வியன்னாவில், எழுபது கார்பன் அணுக்களாலான மூலக்கூறுகளைக் கொண்டு அலைப் பட்டைகளை உருவாக்கினார்கள். பின்பு அந்த மூலக்கூறுகளை லேசர் ஒளியால் சூடேற்றினார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பைப்போல் அவை வெப்பத்தால் ஒளியை உமிழத் தொடங்கின. சூடு ஏற ஏறப் பட்டைகள் மங்கி, முடிவில் மறைந்தன. அவை உமிழ்ந்த ஒளியை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. அந்த ஒளியே மூலக்கூறு எங்கிருந்தது என்ற செய்தியைச் சுமந்து சென்றது, அது போதுமானதாயிருந்தது. அங்கே 'பார்த்தது' மனிதனுடைய மனமல்ல, வெறும் வெப்பம்.

இன்னொரு சான்று இதைவிடப் பழையது. 1909இல் கேம்பிரிட்ஜில் ஜி. ஐ. டெய்லர் என்ற இளைஞர், ஒரு ஊசியின் நிழலை ஒளிப்படத் தகட்டில் பதித்தார். புகையேற்றிய கண்ணாடிகளால் ஒளியை அவர் மிக மிக மங்கலாக்கியிருந்தார். ஒரு மைலுக்கும் அப்பால் எரியும் மெழுகுவர்த்தியின் ஒளி எவ்வளவோ, அவ்வளவே தகட்டில் விழுந்தது. மிக நீண்ட பதிவுக்கு ஏறத்தாழ 2000 மணி நேரம், அதாவது மூன்று மாத அளவு காலம், பிடித்தது. தகட்டை எடுத்துக் கழுவியபோது பட்டைகள் சற்றும் தெளிவு குன்றாமல் இருந்தன. அடைத்த பெட்டிக்குள் அந்தத் தகட்டின் மணிகள் ஒவ்வொன்றாய் ஒளியை ஏற்று மாறியபோது எந்தக் கண்ணும் அவற்றை நோக்கவில்லை. எந்த வாயும் அவற்றுக்குக் கட்டளையிடவில்லை. ஒளி தன் வேலையைத் தானே செய்தது.

விருப்பத்துக்கு இணங்காத புள்ளி

ஒரு வாதத்துக்காக, பார்ப்பவரின் மனத்துக்குப் பங்கு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் போதனை நிற்காது. எந்தக் கருவியை வைப்பது, எதை அளப்பது என்பதை ஆய்வாளர் தெரிந்தெடுக்கலாம். அளவீட்டின் விடை என்னவாக வரவேண்டும் என்பதை அவர் தெரிந்தெடுக்க இயலாது. அடுத்த எலக்ட்ரான் திரையின் எந்தப் புள்ளியில் விழும் என்பதை ஒருவரும் முன்னதாகச் சொல்ல முடியாது. விரும்பிய இடத்தில் விழவைக்கவும் முடியாது. எந்த இடத்தில் விழ எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே கணக்கிடலாம் என்று 1926இல் மாக்ஸ் போர்ன் வகுத்த விதி இன்றுவரை பிழைபடவில்லை.

அன்பானவர்களே, இதைக் கவனியுங்கள். "நீ நினைத்தபடி ஆகும்" என்பதே அந்தப் போதனையின் உயிர்நாடி. குவாண்டம் இயற்பியல் மறுப்பதோ சரியாக அதையே. தங்கள் போதனைக்குச் சாட்சியாக அவர்கள் எதை அழைத்து வந்தார்களோ, அதுவே கூண்டில் ஏறியவுடன் அவர்களுக்கு விரோதமாகப் பேசுகிறது.

வரலாறும் அதையே பேசுகிறது. அமெரிக்காவின் ராபர்ட் மில்லிகன் ஒரு போதகரின் மகன். ஐன்ஸ்டைனின் ஒளித்துகள் கருத்து தவறு என்றே அவர் நம்பினார். உலோகத்திலிருந்து வெளியேறும் எலக்ட்ரான்களைப் பத்தாண்டு அளவுக்கு விடாமுயற்சியுடன் அளந்தார். 1916இல் அவர் வெளியிட்ட அளவுகள் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டை அப்படியே உறுதிசெய்தன. பார்ப்பவரின் நம்பிக்கைக்குப் பருப்பொருள் கீழ்ப்படியுமானால், பத்தாண்டுக்கால உறுதியான நம்பிக்கைக்கு அது கீழ்ப்படிந்திருக்க வேண்டாமா? அது கீழ்ப்படியவில்லை. மில்லிகனின் சிறப்பும் அங்கேதான் இருக்கிறது: தம் எண்ணத்துக்கு விரோதமாக வந்த விடையை அவர் மறைக்கவில்லை.

டேவிசனும் ஜெர்மரும் தொடக்கத்தில் அலையைத் தேடவேயில்லை. 1925இல் அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் திரவக் காற்று இருந்த குடுவை ஒன்று வெடித்தது. கண்ணாடிக் குழாய் உடைந்து, உள்ளிருந்த நிக்கல் உலோகத்தில் களிம்பு ஏறியது. அதை நீக்க உலோகத்தை நெடுநேரம் சூடேற்றினார்கள். அச்சூட்டில் நிக்கல் பெரிய படிகங்களாக மாறியது. அதன்பின் எலக்ட்ரான்கள் சிதறும் விதமே மாறிப்போனது. அந்த மாற்றத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தபோதுதான் எலக்ட்ரானின் அலைப் பண்பு அவர்களுக்கு வெளிப்பட்டது. எதிர்பார்ப்பு உண்மையை உருவாக்கவில்லை. எதிர்பாராத இடத்தில் உண்மை வந்து அவர்களை எதிர்கொண்டது.

அளவையும் எண்ணிப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடந்தால், தெ பிராயின் கணக்குப்படி அவருக்குரிய அலைநீளம் ஒரு புரோட்டானின் அளவைவிடப் பத்து லட்சம் கோடி கோடி மடங்குக்கும் மேல் சிறியது. வெற்றிடத்தில், தனித்து, மிகுந்த பாதுகாப்புடன் வைக்கப்பட்ட ஒரு மூலக்கூறின் அலைப் பண்பே சூடு ஏற ஏறக் கலைந்துபோகிறது. வெதுவெதுப்பான நம் உடலில், இரத்தமும் தசையும் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கும் இடத்தில், ஒரு கட்டியோ சர்க்கரையின் அளவோ நம் பார்வைக்காக 'அலையாக'க் காத்திருப்பதில்லை.

நேர்மைக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். அளவீட்டின்போது உள்ளபடி நிகழ்வது என்ன என்ற கேள்விக்கு இயற்பியலாளர்கள் இன்னும் ஒருமித்த விடை காணவில்லை. நோபல் பரிசு பெற்ற யூஜின் விக்னர், மனத்துக்கு அதில் பங்கு இருக்கக்கூடும் என்று 1961இல் எழுதியதும் உண்மையே. பிற்காலத்தில் அவரே அக்கருத்தைக் கைவிட்டார் என்பதும் உண்மை. அக்கருத்தை அவர் பற்றியிருந்த நாட்களிலும், மனம் விரும்பியபடி விடை வரும் என்று அவர் சொல்லவில்லை. விடை காணாத கேள்வியை எடுத்து, அதற்குத் தனக்குப் பிடித்த விடையை எழுதி, அதற்கு அறிவியலின் முத்திரையையும் இடுவது ஆராய்ச்சியுமன்று, விசுவாசமுமன்று.

நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இன்னொரு பிழை

வேறு சிலர் தீங்கு நினையாமல் ஒன்று சொல்கிறார்கள். ஒளி அலையாகவும் துகளாகவும் இருக்கிறதல்லவா? அதுபோலவே கிறிஸ்து தேவனாகவும் மனிதனாகவும் இருக்கிறார். ஆகவே நம் உபதேசத்தை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்கிறார்கள். ஞாயிறு பள்ளியிலும் இந்த உவமை பயன்படுகிறது.

இந்த உவமை எதைக் கற்பிக்கிறது என்று ஆராய்ந்தீர்களா? ஆய்வின் அமைப்புக்கு ஏற்ப ஒளி தன் அலைப் பண்பையோ துகள் பண்பையோ காட்டுகிறது. ஒன்று எவ்வளவு தெளிவாகிறதோ, மற்றது அவ்வளவு மங்கும். 1927இல் நீல்ஸ் போர் எடுத்துரைத்த கருத்தின் சாரம் அது. சபையோ 451இல் கல்சதோனில் கூடி அறிக்கையிட்டது வேறு. கிறிஸ்து எக்காலத்தும் முழுமையான தேவனும் முழுமையான மனிதனுமாயிருக்கிறார்; ஒன்று வெளிப்பட மற்றது மங்கவேண்டியதில்லை. ஒளியின் உவமையை அப்படியே பின்பற்றும் பிள்ளை, இயேசு சில வேளை தேவனாகவும் சில வேளை மனிதனாகவும் இருந்தார் என்றே கற்றுக்கொள்ளும். திரித்துவத்துக்கு அதே உவமையைச் சொன்னால், ஒரே தேவன் மூன்று வேடங்களில் தோன்றினார் என்ற சபெல்லியுவின் போதனையே கிடைக்கும். மூன்றாம் நூற்றாண்டிலேயே சபை தள்ளிவிட்ட போதனை அது. நம் விசுவாசத்தைத் தாங்குவதற்கென்று நட்ட தூண், அதன் அஸ்திவாரத்தையே பிளக்கிறது.

மாக்ஸ்வெல் விடுத்த எச்சரிக்கை

இதைப் பற்றி நம்மை முன்னமே எச்சரித்தவர் ஒருவர் உண்டு. ஒளி மின்காந்த அலை என்று கண்டவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். ஸ்காட்லாந்தில் ஒரு சபையின் மூப்பராயும் இருந்தவர். 1876இல் எலிக்காட் என்ற பேராயர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். சூரியன் உண்டாகுமுன்னே ஒளி உண்டாயிற்று என்று ஆதியாகமம் சொல்வதை, அக்காலத்து அறிவியலின் துணையோடு விளக்கலாகுமா என்பது அவருடைய கேள்வி. ஒளியலை பரவ எங்கும் நிறைந்த 'ஈதர்' என்ற ஊடகம் உண்டு என்று அந்நாட்களில் எல்லாரும் நம்பினார்கள். அந்த ஈதரை வேதவசனத்துக்கு ஆதாரமாக்க மாக்ஸ்வெல் ஒப்புக்கொள்ளவில்லை. அறிவியலின் ஊகங்கள் வேத விளக்கங்களைவிட விரைவாக மாறுகின்றன. ஓர் ஊகத்தின்மேல் வேத விளக்கத்தைக் கட்டினால், புதைக்கப்பட வேண்டிய ஊகம் அந்த விளக்கத்தின் தயவால் புதைக்கப்படாமல் கிடக்கும் என்ற கருத்தில் அவர் பதில் எழுதினார்.

பதினொரு ஆண்டுகள் சென்றன. 1887இல் மைக்கேல்சனும் மோர்லியும் ஈதரைத் தேடி அளந்தார்கள். அதன் தடயம் கிட்டவில்லை. 1905இல் ஐன்ஸ்டைன் அதைத் தேவையற்றதாக்கினார். பேராயர் விரும்பியபடி ஆதியாகமத்தை ஈதரின்மேல் கட்டியிருந்தால், ஈதரோடு எது விழுந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். ஒளியைப் பற்றி அவரளவு அறிந்தவர் அக்காலத்தில் அரிது. அப்படிப்பட்ட விசுவாசியே தம் அறிவியலைத் தம் விசுவாசத்துக்கு ஊன்றுகோலாக்க மறுத்தார். நாமோ ஒரு காணொளியை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, பிரசங்க பீடத்தில் அதை வாசித்துவிடுகிறோம்.

யாருடைய தோளில் பாரம்?

இதெல்லாம் அறிஞர்களின் சொற்போர் என்று எண்ணாதிருங்கள். இந்தப் போதனையின் விலையைக் கொடுப்பவர் வியாதியஸ்தரே. இன்சுலின் ஏற்றிக்கொள்வதே அவிசுவாசத்தின் அறிக்கை என்று சொல்லப்பட்ட ஒரு சகோதரி அதை நிறுத்திவிட்டால், அவருடைய இரத்தத்திலுள்ள சர்க்கரை அவருடைய அறிக்கையைக் கேட்டு இறங்காது. மார்பில் கட்டி கண்ட ஒரு தாய், அதைக் கட்டியென்று சொல்ல அஞ்சி மருத்துவரிடம் போகாமலிருந்தால், அந்த மாதங்களை அவருக்கு யார் திருப்பித் தருவார்? அவர் மரித்தபின் அந்த வீட்டில் மிஞ்சுவது துக்கம் மட்டுமல்ல, குற்றச்சாட்டும்கூட. அவர் சரியாக நம்பவில்லை, வியாதியையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிள்ளைகளின் காதில் ஓதப்படும். தோற்றது போதனை, பழி பிணத்தின்மேல்.

வேதம் அப்படிப் பழி சுமத்துகிறதா? தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டினார். அது நீங்கவில்லை, கிருபை கொடுக்கப்பட்டது. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வந்த பலவீனங்களுக்காக, அவர் வயிற்றுக்கு ஏற்றதைப் பவுல் பரிந்துரைத்தார்; பார்வையை மாற்று என்று கடிந்துகொள்ளவில்லை. துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டு வந்ததை ஒளிக்காமல் எழுதினார். வியாதியை வியாதியென்று சொல்ல அப்போஸ்தலர் அஞ்சவில்லை. அவரோடு பயணம் செய்த லூக்காவோ வைத்தியர்.

ஜெபத்தைக் குறித்தும் தெளிவாயிருங்கள். தேவன் சுகமளிக்க வல்லவர் என்று நான் விசுவாசிக்கிறேன். உங்களோடு முழங்காற்படியிட்டு அதற்காக வேண்டுகிறேன். ஆனால் ஜெபம் என்பது பிதாவினிடத்தில் கேட்பது. கேட்பவனுக்கு விடை தன் கையில் இல்லை என்று தெரியும். அதனாலேயே அவன் கேட்கிறான். என் எண்ணமே அணுக்களை அசைக்குமானால், பிதா எதற்கு? எண்ணம் என்ற விசையை அழுத்தினால் சுகம் என்ற பொருள் விழும் என்பது ஜெபமன்று; அது மந்திரம். தேவனுடைய வல்லமையைத் தன் கைக்குள் வாங்கிக்கொள்ளப் பணத்தோடு வந்த மாயவித்தைக்காரனாகிய சீமோனைப் பேதுரு எவ்வாறு கடிந்துகொண்டார் என்பதை அறிவீர்கள்.

அலை, துகள் என்ற இந்த அறிவு வியாதியஸ்தருக்கு மெய்யாகவே நன்மை செய்யும் இடம் ஒன்றுண்டு. அது மருத்துவமனை. புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை பெறுகிறவரின் உடலில், உயர் ஆற்றல் ஒளித்துகள்கள் எலக்ட்ரான்களைத் தட்டி எறிகின்றன. 1923இல் காம்ப்டன் அளந்த அதே மோதல்தான் அது. அப்படி வெளியேறும் எலக்ட்ரான்களே புற்றணுக்களின் உயிரிழையை அறுக்கின்றன. 1931இல் பெர்லினில் ரஸ்காவும் நாலும் கட்டத் தொடங்கிய எலக்ட்ரான் நுண்ணோக்கி, எலக்ட்ரானின் அலைப் பண்பினாலேயே நுண்மையைக் காட்டுகிறது. ஒரு லட்சம் வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானின் அலைநீளம், கண்ணால் காணும் ஒளியின் அலைநீளத்தைவிட லட்சம் மடங்கு குறைவு. அதனால்தான் சாதாரண நுண்ணோக்கிக்கு அகப்படாத வைரசுகளை மனிதர் கண்டார்கள். குவாண்டம் இயற்பியலின்மேல் உங்களுக்கு அவ்வளவு மதிப்பு உண்டானால், மருத்துவர் குறித்த நாளில் அந்தச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். அங்கே அது பொய் சொல்வதில்லை.

யோபுவின் நண்பர்களை நினைவுகூருங்கள். அவர்கள் தேவனுடைய கட்சியில் நின்று பேசுவதாகவே எண்ணினார்கள். அவருடைய நீதியைக் காப்பாற்றும் பொருட்டு, வேதனைப்படுகிறவன்மேல் பொய்க் குற்றம் சுமத்தினார்கள். முடிவில் தேவனுடைய கோபம் அவர்கள்மேலேயே மூண்டது. புலம்பிய யோபுவோ உண்மை பேசினவனாக எண்ணப்பட்டான். தமக்குச் சாதகமாகச் சொல்லப்படும் பொய்யையும் தேவன் ஏற்றுக்கொள்வதில்லை.

ஆகவே உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அறிவியல் நிரூபித்துவிட்டது என்று தொடங்கும் செய்தி வந்தால், யார், எப்போது, எதைக் கண்டார்கள் என்று கேளுங்கள். விடை இல்லையேல் அதை அடுத்தவருக்கு அனுப்பாதிருங்கள். எந்தப் பிரசங்கத்தைக் கேட்டும், மருத்துவரைக் கேளாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதிருங்கள். துக்க வீட்டுக்குப் போகையில், மரித்தவருடைய விசுவாசத்தின் அளவை அளக்காதிருங்கள். அருகில் அமர்ந்து அழுங்கள்.

ஒளியைப் படைத்தவர், அது என்னவாயிருக்கிறதோ அப்படியே அதை நாம் அறிய விரும்புகிறார் என்று நம்புகிறேன். அலையென்று ஒரு நூற்றாண்டு நம்பிய பின்னும், துகளுக்குச் சான்று கிடைத்தபோது தலைவணங்கிய ஆய்வாளரின் பணிவு நம்மிடத்திலும் காணப்படட்டும்.

ஜெபம்

சத்தியத்தின் தேவனே, உம்முடைய நாமத்தை உயர்த்துவதாக எண்ணி நாங்கள் பொய்யைப் பேசாதபடி எங்கள் நாவைக் காத்தருளும். வியாதிப்படுக்கையில் இருக்கிறவர்களுக்கு உமது கரத்தினாலும், மருத்துவரின் கரத்தினாலும் உதவிசெய்யும். சுகம் தாமதிக்கையில் அவர்கள்மேல் ஒருவரும் பழி சுமத்தாதபடி உமது சபையைச் சாந்தத்தினால் நிரப்பும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.